ஒரு பிள்ளைக்கு எத்தனை அலுவலகம்?

2022 செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு வரை விருதுநகர் மாவட்டத்தில் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுப்பவர்கள் இறுதி ஆணைக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில். துளசித் தோட்டத்தில் கிடைத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஊர் அது. அந்தத் தேதியிலிருந்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. அந்தச் சட்டத்துக்கு 2021-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தின் விளைவு இது. நீதிமன்றங்களில் தத்தெடுப்பு மனுக்கள் தேங்கிக் கிடந்ததே அரசு சொன்ன காரணம்.

கையெழுத்து இடம் மாறியதோடு விஷயம் முடியவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, தத்தெடுப்பு நிறுவனங்கள், குழந்தைகள் இல்லங்கள் அனைத்தின் செயல்பாட்டையும் கண்காணிக்கும் பொறுப்பையும் அதே திருத்தம் ஆட்சியரிடம் கொடுத்தது. வேகம் கூடும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நீதிபதி அந்த அலுவலகங்கள் எதையும் நடத்தியவர் அல்லர். வெளியில் நின்று கேள்வி கேட்கக்கூடியவராக இருந்தார். ஆட்சியரோ இல்லத்துக்கு நிதி ஒதுக்கும் நிர்வாகத்தின் தலைவர். இப்போது அதைச் சரிபார்ப்பவரும் அவரே. குழந்தை நலத்தில் அரசு செய்யும் ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் இந்தக் கேள்வி எழுகிறது: நடத்துபவர் யார், அவரைக் கேட்பவர் யார்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரம்தான். ஆனால் இந்த இரண்டு ஊர்களின் நிர்வாக வரைபடம் அவ்வளவு நெருக்கமாக இல்லை. ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில். கோட்டாட்சியர் சிவகாசியில். மக்கள் நல்வாழ்வுத் துறையின் கணக்கில் இது சிவகாசி சுகாதார மாவட்டம். நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நாடாளுமன்றத் தொகுதி தென்காசி. மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் எல்லையில் வனத்துறையின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பகுதியிலும் வாழும் பளியர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவை தவிர, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையும் உண்டு.

இந்த வரைபடத்தின் நடுவில் ஒரு குழந்தையை வைத்துப் பார்க்கலாம். அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே கிராம சுகாதார செவிலியர் மகப்பேறு கண்காணிப்புத் தளத்தில் பதிந்து ஒரு எண் தருகிறார். அந்த எண் சுகாதாரத் துறையுடையது. பிறந்தபின் பால்வாடியில் சேர்ந்தால், அங்கன்வாடிப் பணியாளர் தன் கைப்பேசியில் உள்ள போஷன் டிராக்கர் செயலியில் பதிகிறார். அது மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துடையது. பள்ளியில் முதல் வகுப்பில் சேரும்போது கல்வித் துறையின் எமிஸ் எண் வந்துவிடுகிறது. மூன்று வயதில் எடை குறைந்து போஷன் டிராக்கரில் பதிவான பிள்ளைதான் ஏழு வயதில் அடிக்கடி விடுப்பு எடுக்கிறது என்பதை எமிஸ் பதிவைப் பார்க்கும் ஆசிரியர் அறிய எளிய வழி இல்லை. தகவல் இருக்கிறது. மூன்று துறைகளின் கையில், மூன்று துண்டாக.

சாப்பாட்டிலும் இதே பிரிவினைதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் காலையில் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் பொங்கலோ கிச்சடியோ சமைக்கிறார்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் நடைமுறைக்கு வந்து, 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இது. அவர்கள் பாத்திரம் கழுவிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் மதியச் சமையலுக்குச் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் வருகிறார்கள். காலைக்கு ஒரு வருகைப் பதிவு, மதியத்துக்கு வேறொன்று. சத்துணவுக்கு ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரும் மாவட்டத்தில் ஆட்சியரின் நேர்முக உதவியாளரும் மேற்பார்வை. அதே வளாகத்துச் சுவரை ஒட்டி அங்கன்வாடி இருந்தால் அதற்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் என்று தனி ஏணி. இரண்டு வேளைச் சாப்பாடும் பிள்ளைகளுக்கு வேண்டியவை. தமிழ்நாடு இவற்றைச் செய்வது பெருமைக்குரியது. ஆனால் ஒரு நாள் பருப்பு வரவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தலைமை ஆசிரியருக்கே குழப்பம் வரக்கூடிய அமைப்பு நல்ல அமைப்பு ஆகாது.

இப்படி ஒரே கிராமத்தில் இரண்டு கதவுகள் திறப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முன்னோட்டம் நடந்தது மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சுமார் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. தாய்க்குக் கற்றுக்கொடுப்பதும் அதோடு சேர்ந்தது. இரண்டே ஆண்டில், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மதிய உணவு. ஒன்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. மற்றொன்று எல்லோருக்கும் கொடுத்தது. இரண்டும் நல்ல நோக்கம். ஆனால் பல கிராமங்களில் இரண்டு மையங்கள், இரண்டு பணியாளர்கள், இரண்டு பேரேடுகள் என்று ஆயிற்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வயதுப் பிள்ளை இரண்டு பேரேட்டிலும் வந்தது.

1990-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் இவை ஒரே மையத்துக்குள் கொண்டுவரப்பட்டன. 1997-ல் அந்தக் கட்டம் முடிந்தபின் அனைத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளுக்குள் கரைந்தன. செலவும் குழப்பமும் குறைந்திருக்கும். இழந்ததும் ஒன்று உண்டு. முதல் கட்டத்தின் பலமே வீட்டிலிருக்கும் கைக்குழந்தையைத் தேடிப் போனதில்தான் இருந்தது. மையத்துக்கு வந்து உட்காரும் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சமைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பதிவேடு எழுதி முடிக்கும் பணியாளருக்கு, பத்து மாதக் குழந்தையின் வீட்டுக்கு நடக்க நேரம் மிஞ்சுவதில்லை. இணைப்பு என்றால் வேலைகளை ஒருவர் தலையில் குவிப்பது என்று பொருள் கொண்டால், முதலில் கைவிடப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலைதான்.

இந்த மாவட்டம் நேரடியாகக் கண்ட மறுசீரமைப்பு வேறொன்று. தீப்பெட்டியும் பட்டாசும் பிள்ளைகளின் கைகளால் உருவான காலத்தில், 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்ட முதல் சில இடங்களில் சிவகாசியும் ஒன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்கச் செய்ய இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும், அந்த நிதியின் வட்டி பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும் என்றது. அந்தத் தேசியத் திட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஒரு திட்டச் சங்கம், அதன் கீழ் சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, மாத உதவித்தொகை. தொழிலாளர் ஆய்வாளர் மீட்டுவந்த பிள்ளை நேரே எங்கே போகும் என்பது அந்த அமைப்பில் தெளிவாக இருந்தது. குறைகள் இருந்தன; ஆனால் கண்டுபிடிப்பதும் படிக்கவைப்பதும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன.

2021-ல் அந்தத் திட்டம் தனித் திட்டமாக நில்லாமல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு சேர்க்கப்பட்டது. தாளில் பார்த்தால் நியாயமான முடிவு: பள்ளிக்கு வராத எல்லாப் பிள்ளைகளும் கல்வித் துறையின் பொறுப்பு. ஆனால் இப்போது ஒரு பிள்ளையைப் பட்டறையில் கண்டுபிடிப்பவர் தொழிலாளர் துறையில், படிக்கவைப்பவர் கல்வித் துறையில், வீட்டு நிலைமையை ஆராய வேண்டியவர் குழந்தைகள் பாதுகாப்பு அலகில்.

பணமும் புதிய வழியில் வரத் தொடங்கியது. 2024-25-ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு உரிய காலத்தில் விடுவிக்கவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திட மறுத்ததும், அதன் பின்னால் உள்ள தேசியக் கல்விக் கொள்கை, மும்மொழிச் சர்ச்சையும்தான் காரணம். மாநிலம் 2025-ல் உச்ச நீதிமன்றம் போனது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் இருந்து மீட்கப்படும் ஒரு பிள்ளைக்கும் மும்மொழிக் கொள்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இணைப்புக்குப் பின் அந்தப் பிள்ளைக்கான பணமும் அந்தச் சண்டைக்குள் மாட்டிக்கொண்டது. திட்டங்களை ஒன்றுசேர்க்கும்போது நிதியின் ஆபத்துகளும் ஒன்றுசேர்கின்றன என்பதை மறுசீரமைப்பு அறிக்கைகள் எழுதுவதே இல்லை.

நிதியின் சிறு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மத்திய அரசு 60, மாநிலம் 40 விழுக்காடு. தகுதிக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். 72,000 என்றால் மாதம் 6,000. கணவனை இழந்து நூற்பாலைக்கு ஒழுங்காக வேலைக்குப் போகும் ஒரு தாயின் சம்பளம் அதைத் தாண்டிவிடும். உழைக்கிற தாய்க்குத் தகுதி போய்விடுகிறது. ராஜபாளையம் நகராட்சி எல்லையை ஒட்டி ஊராட்சியில் குடியிருப்பவருக்கும், தெருவைத் தாண்டி நகராட்சிக்குள் இருப்பவருக்கும் ஆண்டுக்கு 24,000 ரூபாய் வித்தியாசம். இருவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள்.

மாநிலம் தன் பங்குக்குச் செய்வதும் குறைவல்ல. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சமும், ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சமும் 2021-ல் அறிவிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் ஆதரவற்ற பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பட்டாசு ஆலை விபத்துக்கு இழப்பீடு தனி. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியொரு விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை, எந்த உதவி எந்த அலுவலகத்தில், எது கிடைத்தால் எது நிற்கும் என்று அறிய வேண்டும். அந்த வேலையைச் செய்வது யார்? துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியோ சித்தப்பாவோதான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். முன்பு தொண்டு நிறுவனங்கள் வழியே நடந்த அந்தச் சேவையும் 2023 வாக்கில் அரசின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குள் வந்துவிட்டது. வெளியாரிடம் இருந்த ஒரு காதும் உள்ளே போயிற்று.

இணைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை இங்கிலாந்து முழுமூச்சாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமி, அவளை வளர்த்தவர்களின் சித்திரவதையில் இறந்தாள். லேமிங் பிரபு 2003-ல் அளித்த விசாரணை அறிக்கை, காவல் துறை, மருத்துவமனை, சமூகப் பணித் துறை ஆகியவற்றுக்கு அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிடைத்து நழுவின என்றது. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் கல்வியையும் குழந்தைப் பாதுகாப்பையும் ஒரே இயக்குநரின் கீழ் கொண்டுவந்தது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒரே பெயர் பதிலாயிற்று. ஆனாலும் விக்டோரியாவின் குடும்பத்தைக் கையாண்ட அதே ஹாரிங்கே பகுதியில், 2007 ஆகஸ்டில் பீட்டர் கானலி என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது, அதிகாரிகள் பலமுறை பார்த்துப்போன பின்பு. ஒரே தலைவர் கிடைத்தார். வீட்டு வாசலில் நின்று பார்க்கும் கண்ணுக்கு நேரமும் துணிவும் கூடவில்லை.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையே 2018-ல் தொடக்கக் கல்வி, உயர்நிலைக் கல்வி மேற்பார்வையை மாவட்டக் கல்வி அலுவலரிடம் ஒன்றாக்கி, 2022-ல் மறுபடி பிரித்தது. நான்கு ஆண்டுக்குள் பெயர்ப்பலகைகள் இரண்டு முறை மாறின. சமூகப் பாதுகாப்புத் துறைக்குக் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் சூட்டியதும் நல்லதுதான். நோக்கம் பெயரிலேயே தெரிகிறது. என்றாலும் சென்னையில் ஏணிகளின் உச்சியை மாற்றுவது எளிது. அடியில்தான் பிள்ளை நிற்கிறது.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1990-களின் அதிகாரப் பரவலாக்கத்துக்குப் பின் அங்கன்வாடிகள் கிராமப் பஞ்சாயத்தின் கைக்கு வந்தன. கூடுதல் உணவுச் செலவு பஞ்சாயத்தின் திட்ட நிதியில் இருந்து போகிறது. அங்கன்வாடி மேற்பார்வையாளர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறார். வருமானம் குறைந்த பஞ்சாயத்து திணறும் என்பது அந்த முறையின் பலவீனம். ஆனால் கேட்பவரும் நடத்துபவரும் ஒருவரே அல்ல. கேட்பவர் ஓட்டுக்காக அதே தெருவுக்குத் திரும்பி வர வேண்டியவர்.

விருதுநகர் மாவட்டத்தில் அந்த இடமே காலியாயிற்று. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவரும், வட்டாரக் குழுவுக்கு ஒன்றியக் குழுத் தலைவரும் தலைமை தாங்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. அலுவலர்கள் நடத்தும் பணியை அலுவலர்களே கூடி மேற்பார்த்து, அலுவலர்களே அறிக்கை எழுதும் நிலை இது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைக் குழந்தை நலப் பிரச்சினையாக யாரும் பேசுவதில்லை. அது முதலில் குழந்தை நலப் பிரச்சினைதான்.

ஆகவே மறுசீரமைப்பு தொடங்க வேண்டிய இடம் வட்டாரம். ராஜபாளையம் ஒன்றியத்துக்கு ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியத்துக்கு ஒருவர், இரண்டு நகராட்சிகளுக்கும் ஒவ்வொருவர். குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவி ஏற்கனவே இருக்கிறது. அவருக்கு ஆறு வயதோடு பொறுப்பு முடியாமல் 18 வயது வரை நீட்டலாம். சுகாதார எண், போஷன் டிராக்கர், எமிஸ் மூன்றையும் பார்க்கும் உரிமை அவருக்கு வேண்டும். துறைகளின் பணத்தை அவர் கையாள வேண்டியதில்லை. ஆனால் பேருந்துக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, இரண்டு மாத வாடகை போன்ற அவசரத்துக்கு, சென்னைக்கு எழுதிக் காத்திருக்காமல் செலவிட ஒரு சிறு நிதி அவர் கையில் இருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு தரும் மதிப்பூதியப் பங்கு 2018 அக்டோபரில் 4,500 ரூபாயாக உயர்ந்தது. மீதியை மாநிலம் போட்டுத்தான் அவர் மாதம் ஓடுகிறது. அவரிடம் இன்னொரு செயலியைத் திணிப்பதற்குப் பதில், வீடு வீடாகப் போகும் இரண்டாவது ஆளை மையத்துக்குத் தர வேண்டும். ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-களில் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

கேட்பதற்கும் வெளியாள் வேண்டும். மேகாலயா 2017-ல் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை நடக்கிறது. கிராம சபையில் கணக்கு வாசிக்கப்படுகிறது. அதே சபையில் அங்கன்வாடி, சத்துணவு, நிதி ஆதரவு பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும், பெயர் சொல்லாமல், வாசிக்க எந்தத் தடையும் இல்லை.

மத்திய அரசு 2008-09 முதல் தன் வரவு செலவுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனி அறிக்கையாகத் தருகிறது. டெல்லியில் அச்சாகும் அந்த அட்டவணைக்கு இணையாக வட்டார அளவில் ஒரு தாள் இருந்தால் போதும்: ராஜபாளையம் ஒன்றியத்தில் இந்த ஆண்டு பிள்ளைகளின் பெயரில் எந்தத் துறை வழியாக எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது, மார்ச் 31-ல் செலவழியாமல் எவ்வளவு திரும்பிப் போனது. அந்தக் கடைசிப் பத்தியை நிரப்பி ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு அரசாணை போதும். அதற்கு உலக வங்கிக் கடனோ, சட்டத் திருத்தமோ தேவையில்லை.